புத்தாண்டும் ஜான் நியூட்டனும்

ஆண்டு மாறுங் காலத்து மக்கள் நெஞ்சில் இருவகை எண்ணங்கள் தோன்றுதல் இயல்பு. கழிந்த ஆண்டின் ஏட்டை மூடிவைத்து, அதனைத் திரும்பிப் பாராமலே புதிய ஏட்டைத் திறப்போமாயின் மகிழ்ச்சி தானே வந்தெய்தும் என்று கருதுவார் பலர். கழிந்ததை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து படித்தாலன்றி, வருவதனை நம்புதற்கு ஆதாரம் யாதும் இல்லை என்று கருதுவார் சிலர். அச்சிலருள் ஒருவராய், தம் பழைய வாழ்வைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, அதனின்றே வருங்காலத்துக்கு வேண்டும் நம்பிக்கையை எடுத்துக்கொண்டவர் ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலப் போதகர். பூமியின் ஈர்ப்பாற்றலை ஆராய்ந்த ஐசக் நியூட்டன் வேறு, இவர் வேறு. இவர் இயற்றிய கிருபைப் பாட்டு இன்று உலகெங்கணும் பாடப்படுகின்றது. எனினும் அது 1773-ஆம் ஆண்டின் பிறப்பு நாளுக்கென்று ஒரு சிற்றூர்ச் சபையாருக்காக எழுதப்பட்டது என்பதையும், அதே நாட்களில் அவ்வூரில் நிகழ்ந்த துயரத்தையும் அறிந்தோர் அத்துணைப் பேர் இலர்.

நியூட்டன் 1725-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் துறைமுகப் பகுதியாகிய வாப்பிங்கில் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். ஆண்டிற் பெரும்பகுதியும் மத்தியதரைக் கடலிற் கழிப்பவர். ஆதலின் ஒரே மகனை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அன்னையாரையே சார்ந்தது. அவ்வம்மையார் நான்கு வயதிலேயே மகனுக்கு எழுத்தறிவித்து, வேதவாக்கியங்களையும் சிறுவர்க்குரிய ஞானப்பாட்டுக்களையும் நெட்டுருச் செய்வித்தார். மகன் ஊழியக்காரனாக வேண்டுமென்பது அவர்தம் ஆசை. ஆனால் 1732-இல், மகனுக்கு ஏழாண்டு நிரம்புமுன்னரே, எலும்புருக்கி நோய் அவரைக் கொண்டுபோயிற்று. நோயின்போது தங்கியிருந்த சாத்தம் நகரத்துக் காட்லெட் என்னும் உறவினர் இல்லத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

பதினொரு வயதிற் கடலேறிய சிறுவன், தாய் கற்பித்தவற்றை ஒவ்வொன்றாக மறந்தான். 1742-ஆம் ஆண்டின் டிசம்பர்த் திங்களில் தந்தையார் அவனைச் சமெய்க்காத் தீவில் ஓர் அலுவலுக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். புறப்படுமுன் காட்லெட் குடும்பத்தாரைக் கண்டு செல்லலாம் என்று சாத்தம் சென்றவன், அவ்வீட்டு மூத்த மகள் மேரியைக் கண்டான். அப்பெண்ணுக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை, அவனுக்குப் பதினேழு. மூன்று நாள் தங்கப் போனவன் மூன்று வாரம் தங்கினான். கப்பல் அவனைவிட்டே போய்விட்டது! அவ்வாறு தொடங்கிய அன்பு அவன் வாழ்வில் அறுபடாத ஒரே இழையாய்ப் பின்னர்ப் பல்லாண்டு நின்றது.

மற்றவையெல்லாம் அறுபட்டன. 1744-இல் போர்க் கப்பலுக்கு ஆள்பிடிப்போர் கையில் அகப்பட்டான், 'ஆர்விச்' என்னும் அரச கப்பலில் வலிந்து சேர்க்கப்பட்டான், தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடியுண்டான், பதவியிழந்தான். கடவுள் இல்லை என்பதைத் தான் நம்பியதோடமையாது, பிறரையும் நம்பச் செய்வதில் இன்புற்றான். மதீராத் தீவருகே அடிமை வாணிகக் கப்பல் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, ஆப்பிரிக்காவின் மேல்கரையில் சியரா லியோனை அடுத்த வாழைத் தீவுகளில் ஒரு வெள்ளை வணிகனிடம் வேலைக்கமர்ந்தான். அங்கே காய்ச்சலில் விழுந்தபோது, வணிகனோடு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்மணி அவனை வெறுத்துப் பட்டினியிட்டாள். இரவில் தோட்டத்துக்குத் தவழ்ந்து சென்று கிழங்குகளைப் பச்சையாகவே பிடுங்கித் தின்றான். அந்நிலையில் அவனுக்கு இரங்கினவர் யாவர்? விலங்கிடப்பட்டு விற்பனைக்குக் காத்திருந்த அடிமைகள். தமக்கு அளந்திட்ட சிற்றுணவிலிருந்து பிறர் அறியாமல் அவனுக்குக் கொண்டுவந்து ஈந்தார்கள். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

அத்தீவில் அவனிடம் இருந்த ஒரே நூல் யூக்ளிடின் வடிவகணிதம். கடற்கரை மணலிற் கோல்கொண்டு கோடுகள் கீறி, முதல் ஆறு பகுதிகளையும் கற்றுத் தேர்ந்தான். அரைக்கந்தையோடு மணலில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்த அவ்விளைஞனை நினைக்குந்தோறும், விளக்கும் மேசையும் ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற நாம் நம் கணித வகுப்பைப்பற்றி முணுமுணுப்பது சிறிது நாணத்தக்கதே.

1747-இல் கரையிலெழுந்த புகையைக் கண்டு 'கிரேஅவுண்ட்' என்னும் கப்பல் நின்றது. மகனைத் தேடித் தருமாறு தந்தையார் வேண்டிக்கொண்ட கப்பல் அது. அதிலேறி ஓராண்டு வாணிகச் சுற்றுக்குப்பின் இங்கிலாந்து நோக்கி வருகையில், 1748 மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் இரவு, புதிய பஞ்சாங்கப்படி 21-ஆம் நாள், வட அட்லாண்டிக்கிற் பெரும்புயல் எழுந்தது. படுக்கையிற் பாய்ந்த நீரால் விழித்த நியூட்டன் மேற்றளத்துக்கு ஏறப் புகுந்தார். கத்தி ஒன்று கொண்டுவருமாறு தலைவர் கூவ, அதற்காகத் திரும்பினார். அவருக்குப் பதிலாக மேலேறிய மற்றொருவனை அலை அடித்துக்கொண்டு போயிற்று. கப்பலின் மேற்பக்கத்து மரங்கள் பிளந்து நீர் புகுந்தும் அது மூழ்காமைக்குக் காரணம் அதிலிருந்த சரக்கே. தேன்மெழுகும் சாயமரமும் நீரினும் இலேசானவை. விடியுமுன் மூன்று மணிதொட்டு நண்பகல்வரை நீரிறைத்து, ஒருமணிப்பொழுது கிடந்தெழுந்து, நள்ளிரவுமட்டும் சுக்கான் பிடித்து நின்றார். அம்மணிநேரங்களிலேதான் பதினாறு ஆண்டுகட்குமுன் தாயார் கற்பித்த வேதவாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அவருக்கு நினைவில் வந்தன.

இங்கே ஒரு செய்தியைக் குறித்தல் தகும். அந்நாளில் ஆங்கில நாட்டுச் சட்ட வழக்கில் ஆண்டு பிறந்தது ஜனவரியில் அன்று. மார்ச்சு 25-ஆம் நாளில். 1752-இலேதான் அவ்வழக்கம் மாறிற்று. ஆகவே அப்பயணிகள் புயலைச் சந்தித்தது ஆண்டின் கடைநாட்களில். புத்தாண்டு பிறந்தபோது அவர்கள் கிழிந்த பாய்களோடும் உடைந்த கப்பலோடும் திசைதெரியாது மிதந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு நாளொன்றுக்கு உப்பிட்ட மீனிற் பாதியே உணவு. யோனாவைப்போல் இவனாலேயே இக்கேடு வந்தது என்று கப்பல் தலைவர் நியூட்டனைப் பழித்த வண்ணம் இருந்தார். ஏப்ரல் 8-ஆம் நாள், கடைசி உணவு பானையில் வெந்துகொண்டிருக்கையில், அயர்லாந்தின் சுவில்லி வளைகுடாவில் நங்கூரம் பாய்ச்சினர். இரண்டு மணிநேரத்துக்குள் மீண்டும் கடுங்காற்று எழுந்தது. நியூட்டன் கொண்டாடிய புத்தாண்டுகளுள் இதனையே முதலாவதாக எண்ணுதல் பொருந்தும். மார்ச்சு 21-ஐ அவர் வாழ்நாள் முழுதும் மறவாது வழிபாட்டு நாளாகக் காத்துவந்தார்.

இவ்விடத்தே கதையை முடித்துக்கொள்ளும் ஆசை வரலாறு எழுதுவோர் பலர்க்கும் உண்டு. புயலில் மனந்திரும்பியவர் கரையேறியதும் தூயவராய்விட்டார் என எழுதுதல் எளிது. ஆனால் உண்மை அஃதன்று. 1750 பெப்ருவரி முதல் நாளில் மேரியை மணந்த நியூட்டன், அவ்வாண்டிலேயே அடிமை வாணிகக் கப்பலுக்குத் தலைவரானார். 1754 வரை மும்முறை ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்குள்ள மக்களை விலைக்குக் கொண்டு, மேலை இந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்றார். ஞாயிறுதோறும் மேற்றளத்தில் மாலுமிகளைக் கூட்டி இருமுறை ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்திலோ விலங்கிட்ட மக்கள் அடுக்கிவைத்த நூல்களைப்போல் நெருங்கிக் கிடந்தனர். கலகஞ்செய்வார் என்று ஐயுற்றவர்களைக் கட்டைவிரல் நெரிக்கும் கருவியால் வதைத்ததை அவரே தம் கப்பற் குறிப்பேட்டில் எழுதியுள்ளார். கடவுளோடு தனித்துறவாடும் இன்பத்தை அப்பயணங்களில் மிகுதியாக நுகர்ந்ததாகவும் அவரே பின்னர் எழுதினார்! வாழைத் தீவுகளிற் பசித்துக் கிடந்தபோது தமக்குச் சோறிட்ட கைகளில் அணிந்திருந்தவையும் இவ்விலங்குகளே என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. 1754-இல் அவர் கடலை விட்டதும் மனச்சான்று உறுத்தியதால் அன்று. புறப்பட இரண்டு நாட்களுக்கு முன் நேர்ந்த வலிப்பு நோயால். அவரைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுதல் நியாயமன்று என்பது என் கருத்து.

பின்னர் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்கத்துறை அலுவலராய் இருந்துகொண்டே கிரேக்கமும் எபிரேயமும் தாமே பயின்றார். குருப்பட்டம் வேண்டி ஆறாண்டு காத்திருந்து, 1764-இல் அஃது எய்தப்பெற்று, ஊஸ் ஆற்றங்கரையிலுள்ள ஓல்னி என்னும் சிற்றூருக்கு உதவிக் குருவாக வந்தார். அவ்வூர்ப் பெண்டிரும் சிறுவரும் இழைப்பின்னல் வேலையால் வயிறு வளர்த்த ஏழைகள். குருவுக்கு ஆண்டுச் சம்பளம் 60 பவுண். ஜான் தார்ண்டன் என்னும் செல்வர் விருந்தோம்பலுக்கென 200 பவுண் தனியே அளித்துவந்தார். நியூட்டன் மாலுமிச் சட்டையோடே வீடுவீடாகச் சென்றார், நகைச்சுவையாகப் பேசினார், சிறுவரைக் கூட்டிக் கதை சொன்னார். ஆண்டுப் பிறப்பன்று மாலையில் இளைஞர்க்கென்றே ஒரு பிரசங்கம் செய்வதையும், அதற்கெனப் புதிய பாட்டொன்று இயற்றுவதையும் வழக்கமாக்கினார். தம் படிப்பறையின் சுவரில், எகிப்திலே அடிமையாயிருந்த நாளை மறவாதிருக்குமாறு இசுரவேலரை ஏவும் உபாகம வாக்கியத்தை எழுதுவித்தார். பழையதை நினைத்தலே அவர்க்குப் புதியதை நம்பும் வழியாயிருந்தது.

1767-இல் வில்லியம் கூப்பர் என்னும் கவிஞர் அவ்வூரிற் குடியேறினார். ஆறு வயதில் தாயை இழந்தவர். முன்னரே ஒருமுறை சித்தம் கலங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று, மருத்துவமனையில் இருந்து மீண்டவர். மிக மென்மையான உள்ளத்தவர். அவரைத் தாயன்போடு பேணிய அன்வின் அம்மையாரும் உடன் வந்தார். இரு வீட்டுக்கும் இடையே ஒரு தோட்டம் இருந்தது. நினைத்தபோதெல்லாம் ஒருவரையொருவர் காண்பதற்காக, ஆண்டுக்கு ஒரு கினி வழிவாடகை தந்து அத்தோட்டத்தூடே சென்று வந்தனர். இருவருங் கூடி ஊரார் ஜெபக்கூட்டங்களுக்குப் பாட்டுக்கள் புனைந்தனர். அவை 348 பாட்டுக்களாக 1779-இல் அச்சேறின. கூப்பருடையன அவற்றுள் 60-க்கு மேற்பட்டவை.

இனி 1773-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு வருவோம். அன்று வெள்ளிக்கிழமை. நியூட்டன் எடுத்துக்கொண்ட பகுதி, நாளாகமத்தின் முதற் புத்தகம் பதினேழாம் அதிகாரத்தில், ஆட்டு மந்தையினின்று அரியணைக்கு உயர்த்தப்பட்ட தாவீது, தன் சிறுமையையும் தனக்கு வாக்களிக்கப்பட்ட பெருமையையும் எண்ணி வியந்து இறைவன் திருமுன் அமரும் பகுதி. பின்னே பார், சுற்றிப் பார், முன்னே பார் என்பதே அன்றைய பொருளின் சுருக்கம் எனலாம். அதற்கிசைய அவர் இயற்றியதே இன்று உலகறிந்த அப்பாட்டு. அச்சிட்ட நூலில் அதற்கு அவர் இட்ட தலைப்பு, விசுவாசத்தின் பின்னோக்கையும் எதிர்நோக்கையும் குறிப்பது. இன்று நாம் கேட்கும் இசை அன்று அதற்கு இல்லை. அவ்விசையோடு அது இணைந்து அச்சேறியது 1835-இல், அமெரிக்காவில். வேதச் சொற்களும் எளிய ஓரசைச் சொற்களுமாய் இழைப்பின்னற்காரரும் உணரும்படி அமைந்த அப்பாட்டில், அழகு தேடும் முயற்சியே இல்லை.

அக்காலைச் சபையிற் கூப்பரும் இருந்தார் என்றும், அதுவே அவர் அங்கு வந்த இறுதி நாள் என்றும் ஆராய்ந்தோர் கூறுவர். மறுநாள் விடியற்காலையிலேயே கூப்பரின் வீட்டிலிருந்து நியூட்டனுக்கு ஆள் வந்தது. விரைந்து சென்றவர் பெருந்துயரோடு திரும்பினார். கூப்பரைப் பழைய இருள் மீண்டும் மூடிக்கொண்டது. சில வாரங்களுக்குப்பின் கண்ட ஒரு கனவால், கடவுள் தம்மை என்றைக்கும் கைவிட்டார் என்று அவர் உறுதி கொண்டார். அதன்பின் அவர் தேவாலயத்தின் வாயிலை மிதிக்கவேயில்லை.

தம் நம்பிக்கையைப் பாட்டாக்கிய அதே நாளில், தம் உயிர்த்தோழர் நம்பிக்கை அனைத்தையும் இழந்தாரெனின், நியூட்டன் யாது செய்தல் கூடும்? அவர் வாதித்துப் பார்த்தார், பயனில்லை. ஏப்ரல் திங்களில் கூப்பர் நியூட்டனின் இல்லத்துக்கே வந்தார். வந்தவர் திரும்பிச் செல்ல மறுத்தார். ஒரு நாளன்று, ஒரு வாரமன்று. ஓராண்டுக்கு மேலாக, 1774 மே வரை, அங்கேயே தங்கினார். அவ்விடைக்காலத்தில் ஒருமுறை உயிரை விடவும் முயன்றார். உணவின்போது நண்பரின் கண்ணீர், இரவில் காவல், ஊராரின் வம்பு. சிறு சம்பளமுள்ள அக்குடும்பம் இவையெல்லாம் தாங்கிற்று. மேரி ஒருபுறமும் அன்வின் அம்மையார் ஒருபுறமுமாய்ப் பேணினர். கூப்பர் சிறிது தெளிந்ததும் தோட்ட வேலையிற் கைவைத்தார், மூன்று முயற்குட்டிகளை வளர்த்தார், மெல்லச் சிரித்தார், எழுதினார். நகைச்சுவைக்குப் பெயர்போன 'ஜான் கில்பின்' 1782-இலும், பெருநூலாகிய 'தி டாஸ்க்' 1785-இலும் தோன்றின. ஆயினும் தாம் கைவிடப்பட்டவர் என்ற எண்ணம் அவரை முற்றும் விட்டகலவேயில்லை.

1780-இல் நியூட்டன் இலண்டனில் மரியாள் உல்நாத் ஆலயத்தின் குருவானார். 1785 டிசம்பரில், ஆண்டு முடியுந் தறுவாயில், இருபத்தாறு வயதுப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவர் வீட்டுக்கு மறைவாக வந்தார். கதவைத் தட்டத் துணிவின்றிச் சதுக்கத்தைச் சுற்றி நடந்த பின்னரே உள்ளே புகுந்தார். அவரே வில்பர்போர்ஸ். அரசியலைத் துறந்து ஊழியத்தில் இறங்கலாமா என்ற அவர் கலக்கத்துக்கு, இருக்குமிடத்திலேயே இருந்து பணிசெய்யுமாறு நியூட்டன் அறிவுரை கூறினார். நம் நாட்டுக்கும் நியூட்டனிடமிருந்து ஓர் இழை வந்தது. 1791-இல் அவர் பிரசங்கத்தால் தூண்டப்பெற்ற கிளாடியஸ் புக்கானன் என்னும் இளைஞரே, பின்னர் வங்காளத்துக்குக் குருவாக வந்து, 1806-இல் தஞ்சைக்கும் வந்து சுவார்ட்சு ஐயர் விட்டுச்சென்ற தமிழ்ச் சபையாரைக் கண்டவர்.

1788-இல், கடலை விட்டு முப்பத்து நான்காண்டு கழிந்தபின், நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைப்பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தாம் கண்டதையும் செய்ததையும் அதில் மறைக்கவில்லை. இவ்வறிக்கை காலங்கடந்து வருவது என்பதையும் ஒப்புக்கொண்டார். அந்நூற்படிகள் பாராளுமன்ற உறுப்பினர்க்கு அனுப்பப்பட்டன. அரசரின் ஆலோசனைக் குழுவின் முன்னும், பின்னர் மக்கள் அவைக் குழுவின் முன்னும் சாட்சி கூறினார். நம்பிக்கையற்றவராய்த் தம்மைக் கருதிய கூப்பரும் அதே ஆண்டில் அடிமைகளுக்காகக் கவி பாடினார்.

1790 டிசம்பர் 15-ஆம் நாள் மேரி இறந்தார். புற்றுநோய். சில நாட்களில் அவர் அடக்கப் பிரசங்கத்தை நியூட்டனே செய்தார். அத்திமரம் துளிர்விடாமற்போயினும் மகிழ்வேன் என்னும் பொருளில் ஆபகூக்கு தீர்க்கதரிசி முடிக்கும் பகுதியே அதற்கு அவர் தெரிந்தது. இந்நாளுக்கென்றே பல ஆண்டுகளாக அப்பகுதியைத் தொடாது வைத்திருந்தாராம். அடுத்த புத்தாண்டு அவ்வீட்டில் எவ்வாறு பிறந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆயினும் அவர் மகிழ்ச்சியை மறந்தவர் அல்லர். காலைச் சிற்றுண்டிக்கு இளங்குருமார் கூடுவதும் உரையாடுவதும் நின்றபாடில்லை.

மக்கட்பேறில்லாத அவ்விருவரும் எடுத்து வளர்த்த பெட்சி என்னும் பெண்ணே முதுமையில் அவருக்குக் கண்ணாயிருந்தாள். 1801-இல் அவளும் சித்தம் கலங்கிப் பெத்லெம் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். கூப்பர் அதற்கு முந்தின ஆண்டிலேயே இருள் நீங்காமல் இறந்திருந்தார். எழுபத்தாறு வயதில், பார்வை மங்கிய அம்முதியவர் நாள்தோறும் குறித்த வேளையில் அம்மருத்துவமனைச் சாளரத்தின்கீழ் வந்து நிற்பார். மேலே வெள்ளைக் கைக்குட்டை அசைகின்றதா என்று உடன்வந்தவரை வினவுவார். அசைகின்றது என்று அவர் சொன்னபின்பே வீடு திரும்புவார். பெட்சி நலமடைந்து மீண்டாள்; அவரது இறுதிவரை உடனிருந்தாள்.

அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807-இல் அரசரின் ஒப்பம் பெற்றது மார்ச்சு 25-ஆம் நாளில். பழைய வழக்கில் ஆண்டுப் பிறப்பாயிருந்த நாள் அது. அவ்வாண்டே டிசம்பர் 21-இல், ஜனவரி பிறக்கச் சில நாட்களே இருக்க, நியூட்டன் இறந்தார். மரியாள் உல்நாத் ஆலயத்தில் மேரியின் அருகே வைக்கப்பட்ட அவருடல், 1893-இல் மேரியினுடையதோடு ஓல்னிக்குக் கொண்டுபோகப்பட்டது. தம் நினைவுக்கல்லின் வாசகத்தை அவரே முன்னமே எழுதிவைத்திருந்தார். பழைய அவிசுவாசத்தையும் ஒழுக்கக்கேட்டையும் அதில் முதற்கண் வைத்தார். ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாயிருந்ததையும் குறித்தார். அடிமைகளை விற்றதை மட்டும் அக்கல் சொல்லவில்லை. அதற்கு 1788-ஆம் ஆண்டு நூலைத்தான் எடுத்துப் படித்தல் வேண்டும்.